ஜாதகம் பொருந்தவில்லை

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா கூப்பிட்டார். கோவில்பட்டியிலிருந்து அவர் கூப்பிடும் நேரம் எப்போதும் இரவு எட்டரை, டிவியில் செய்தி முடிந்த பிறகு. காலையில் கூப்பிட்டால் சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அன்று அப்படி எதுவுமில்லை. "எய்யா, பேங்க் ஆப்பு நேத்துலருந்து தொறக்க மாட்டேங்கு. நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனான்னு தெரியல," என்றார்.

அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். திரையின் கண்ணாடியில் அவர் முகமும் சேர்ந்து விழுந்திருந்தது. ஆப்பைத் திறந்தால் 'புதிய பதிப்புக்கு மாறவும்' என்று ஒரே ஒரு பட்டன். அதை அமுக்கினால் ப்ளே ஸ்டோருக்குப் போகிறது. அங்கே, தமிழில் சொன்னால், 'உங்கள் சாதனம் இந்தப் பதிப்புடன் இணக்கமானதல்ல.' திரும்பி வந்தால் மறுபடியும் 'மாறவும்'. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே அவர் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

2016-ல் நான் வாங்கிக் கொடுத்த போன் அது. ஆண்ட்ராய்டு 6. ஒரு கீறல் கிடையாது. இரவில் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைப்பார். பேட்டரியை ஒருமுறை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பாகம் இன்னொன்றில் உட்காரவில்லை என்றால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "எது சைஸ் மாறியிருக்கு?" என்பதாக இருக்கும். பழைய பாகமா, புதிதாக வந்ததா, வாங்கி வந்தவர் தப்பாக வாங்கினாரா என்று அளந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, "நான் தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார். ஆப் திறக்காதது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இந்தக் கேள்வி இரண்டு மூன்று நாள் உறுத்தியது. உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த வாக்கியம். தினமும் எத்தனையோ பேர் அதைப் பார்க்கிறார்கள், கடந்துபோகிறார்கள். ஒரு கதையின் முக்கியமான வரியைப் படிப்பதுபோல அதை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். எழுவாய் 'உங்கள் சாதனம்'. குறை சொல்லப்படுவது அதன்மேல்தான். 'உங்கள்' என்று முன்னால் சேர்த்ததும் அந்தக் குறையில் கொஞ்சம் நம் கைக்கும் வந்துவிடுகிறது. இதே செய்தியைத் திருப்பிப் போட்டு, 'எங்கள் புதிய பதிப்பு உங்கள் போனில் ஓடாது' என்றும் எழுதலாம். உண்மைக்கு இதுதான் பக்கத்தில் இருக்கிறது. ஏனென்றால் போன் மாறவே இல்லை. வெள்ளிக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியேதான் சனிக்கிழமையும் இருந்தது. மாறியது ஆப்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். ஆகு, ஆக்கு என்பதும் அப்படி ஒரு ஜோடி. 'போன் பழசாயிடுச்சு' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். 'பழசாக்கிட்டாங்க' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வாழைப்பழம் தானாகக் கனியும். கல் வைத்தும் பழுக்க வைக்கலாம். கடையில் நிற்கிறவருக்கு வித்தியாசம் தெரியும், கேட்டும் விடுவார். போன் விஷயத்தில் மட்டும் தன்வினையிலேயே பேசப் பழகிவிட்டோம். பழக்கியதில் அந்த வாக்கியத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அடுத்தது 'இணக்கம்' என்ற சொல். தமிழில் இது மனிதர்களுக்கு நடுவே இருக்கிற விஷயம். அண்ணன் தம்பிக்குள் இணக்கம் இல்லை என்போம். பொருள்களுக்குப் 'பொருத்தம்' சொல்லலாம், ஆனால் அதைச் சொன்னவுடன் நமக்கு ஞாபகம் வருவது ஜாதகம். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லி அனுப்புவார்கள்? பெண் பிடிக்கவில்லை, நகை குறைவு, வீடு சின்னது என்று எதையும் சொல்ல மாட்டார்கள். "ஜாதகம் பொருந்தலைங்க" என்று தரகரிடம் சொல்லி அனுப்புவார்கள். முடிவெடுத்தவர் கிரகத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார். கம்பாட்டிபிலிட்டி என்ற பெயரில் நம் துறை செய்துவருவதும் இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பெண் வீட்டுக்கு அந்தக் குழூஉக்குறி புரியும். 'வேண்டாம்ங்கிறான், விடு' என்று அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். என் அப்பாவுக்குப் புரியவில்லை. ஜாதகத்தில் உண்மையிலேயே தோஷம் இருக்கிறதாக நினைத்துவிட்டார்.

ஜாதகம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பிழைப்பு அது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள் ஒரு கோப்பில் ஓர் எண்ணைப் போட வேண்டும். மின் எஸ்டிகே என்று பெயர். இதற்குக் கீழே இருக்கிற ஆண்ட்ராய்டில் என் ஆப் இறங்கக் கூடாது என்று சொல்லும் எண். 21 என்றால் ஆண்ட்ராய்டு 5. 23 என்றால் 6. 26 என்றால் 8. ப்ளே ஸ்டோர் அந்த எண்ணைப் பார்க்கிறது, போனின் எண்ணைப் பார்க்கிறது, சின்னதாக இருந்தால் அந்த வாக்கியத்தைக் காட்டுகிறது. அப்பாவின் போனில் அந்த ஆப்பை யாரும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஓடியிருக்கவும் கூடும்.

இன்னொரு காரணம் என்றேனே, அது இது. அப்பா கூப்பிட்டதற்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் அலுவலகத்தில் எங்கள் ஆப்பின் எண்ணை 21-லிருந்து 26-க்கு ஏற்றுவது பற்றி ஒரு மீட்டிங். ஏற்ற வேண்டும் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் உரக்கவே பேசினேன். பழைய பதிப்புகளுக்காக எழுதிவைத்த 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' வரிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றை அழிப்பதில் கிடைக்கும் நிம்மதி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்வதுபோல. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 2014-ல் வந்த ஆண்ட்ராய்டின் கோணல்கள் எதற்கு? சோதித்துப் பார்க்கப் பழைய போன்களே அலுவலக டிராயரில் ஒன்றிரண்டுதான் மிச்சம். நாங்கள் பயன்படுத்தும் நூலகங்களே ஒவ்வொன்றாக எண்ணை ஏற்றிக்கொண்டு போகின்றன. இதெல்லாம் பொய்யான காரணங்கள் இல்லை. ஒருத்தர் மட்டும், "அதுல இருக்குறவங்க?" என்று கேட்டார். திரையில் கிராஃப் இருந்தது. அதில் அவர்கள் அடியில் ஒரு மெல்லிய கோடு.

அந்தக் கோட்டை நாங்கள் சதவீதத்தில் பேசினோம். எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் புது ப்ராஜெக்ட் தொடங்கினால், இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 'உங்கள் ஆப் ஏறக்குறைய இத்தனை சதவீத சாதனங்களில் ஓடும்' என்று கீழே காட்டும். ஓடும் என்றுதான் காட்டும், ஓடாது என்று காட்டாது. 2023-ல் ஆண்ட்ராய்டு கிட்கேட்டுக்கு ப்ளே சர்வீசஸ் தருவதைக் கூகுள் நிறுத்தியபோது, அந்தப் பதிப்பில் இருப்பவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது. உலகத்தில் 300 கோடி ஆண்ட்ராய்டு சாதனங்கள் இயங்குகின்றன என்று 2021-லேயே சொன்னதும் அதே கூகுள்தான். ஒரு சதவீதத்தில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரைக் கோடி. கிராஃபில் அது கோடு, அவ்வளவுதான்.

சரி, முடியாதது முடியாததுதானே, அதற்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இந்த 'முடியாது' எவ்வளவு நெகிழக்கூடியது என்பதற்கு எனக்குப் பிடித்த மூன்று கதைகள் இருக்கின்றன.

விண்டோஸ் 95 தயாராகிக்கொண்டிருந்தபோது சிம்சிட்டி என்ற விளையாட்டு அதில் ஓடவில்லை. தப்பு சிம்சிட்டியுடையது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எட்டிப் படித்துக்கொண்டிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மறுநாள் போய் அதே அறையில் படுப்பது மாதிரி. பழைய விண்டோஸில் அந்த அறைக்கு உடனே வேறு ஆள் வரவில்லை, அதனால் தப்பித்தது. புதியதில் தப்பிக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் 'இணக்கமானதல்ல' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் நினைவகத்தை உடனே பிறருக்குக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருக்கும்படி விண்டோஸிலேயே எழுதி வைத்தார்கள். கடைக்குப் போய் விளையாட்டு வாங்கியவன் புது விண்டோஸைத்தான் திட்டுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தர்மசிந்தனை எல்லாம் இல்லை, வியாபாரம்தான். இருந்தாலும் ஓடியது. இப்படி நடுவில் செருகும் சின்ன நிரலுக்கு எங்கள் தொழிலில் ஷிம் என்று பெயர். இந்த வார்த்தையை அப்பாவிடம் ஒருமுறை சொன்னபோது சிரித்தார். மில்லில் இடைவெளி விழுந்த இடத்தில் செருகும் மெல்லிய தகட்டுக்கும் அதே பெயர். "நாங்க வச்ச பேரை எடுத்துக்கிட்டீங்களாக்கும்" என்றார்.

இரண்டாவது கதையை என் வயதுக்காரர்கள் பலர் வாழ்ந்திருப்பார்கள். 2009 வாக்கில் கல்லூரி விடுதியில் என்னிடம் இருந்தது ஒரு நோக்கியா. அதில் தமிழ் வலைப்பூக்களைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள். இந்த போன் தமிழை சப்போர்ட் பண்ணாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு சீனியர் ஒருத்தர் ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ஓபரா கன்ஃபிக் என்று தட்டச் சொன்னார். திறந்த பக்கத்தின் அடியில், சிக்கலான எழுத்துருக்களுக்கு பிட்மேப் எழுத்தைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி. ஆம் என்று மாற்றியதும் தமிழ் வந்துவிட்டது! எங்கோ தொலைவில் ஒரு சர்வர் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தது. எழுத்து கொஞ்சம் குண்டாக இருக்கும். காப்பி பண்ண முடியாது. ஜிபிஆர்எஸ் பேக் சீக்கிரம் தீரும். நான் நவீன இலக்கியம் படிக்க ஆரம்பித்தது அந்தக் குண்டு எழுத்துகளில்தான். விளக்கு அணைந்த பிறகு போர்வைக்குள், இரண்டு அங்குலத் திரையில், ஒரு பெரிய கட்டுரை முடிய ஒரு மணி நேரம் ஆகும். போன் எப்போதும் போலத் தமிழ் அறியாத போன்தான். யாரோ ஒரு இன்ஜினியர், இந்தப் போன்காரர்களும் படிக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாவது அவ்வளவு பழசில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கிறது. அவர்களுடைய சான்றிதழுக்குப் பக்கபலமாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதியாக இருந்தது. புதிய மூலத்தை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் அறியாது. 2020 நவம்பரில் அவர்கள் இதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அப்போதைய கணக்குப்படி ஆண்ட்ராய்டு சாதனங்களில் 33.8 சதவீதம் பாதிக்கப்படும் பக்கத்தில் இருந்தது. மூன்றில் ஒன்று! அந்தப் போன்களில் ஏகப்பட்ட தளங்கள் திறக்காமல் போயிருக்கும். போன்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? போன் பழசாயிடுச்சு என்றுதான். ஆனால் டிசம்பரில் வேறு அறிவிப்பு வந்தது. மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதே இல்லை என்ற வினோதத்தைப் பயன்படுத்தி, பழைய மூலத்தின் உரிமையாளரிடமே புதிதாக ஒரு கையெழுத்து வாங்கி, மேலும் மூன்று வருடத்துக்கு வழி செய்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் வரை அது ஓடியது. அப்பாவின் போனும் அந்தப் பட்டியலில் உண்டு. தன் போன் ஒருமுறை சாகவிருந்து பிழைத்தது அவருக்குத் தெரியாது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்த இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே இருந்த ஒன்றரை மாதத்தை. நவம்பரில் ஜாதகம் பொருந்தவில்லை, டிசம்பரில் பொருந்திவிட்டது. போன்கள் அதே போன்கள்.

இதைச் சொல்வதால் எல்லா ஆப்பும் எல்லாப் போனிலும் ஓட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முக்கியமாக வங்கி ஆப். அப்பாவின் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடம் ஆகிறது. அதில் பென்ஷன் கணக்கைத் திறப்பது நல்லதல்ல என்று அந்த வங்கி நினைத்திருந்தால் நான் அவர்களோடுதான் நிற்பேன். என் பிரச்சினை, அவர்கள் அப்படி நினைத்தார்களா என்று அந்த வாக்கியத்திலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது. ஆபத்து என்று நிறுத்தினாலும் அதே வாக்கியம். ஆள் போதாமல் நிறுத்தினாலும் அதே வாக்கியம். யாரோ ஒருவர் நூலகத்தை அப்டேட் செய்தபோது எண்ணையும் ஏற்றி, வேறு ஒருவரும் கவனிக்காமல் வெளியே போயிருந்தாலும் அதே வாக்கியம். (சிரிக்காதீர்கள், நடக்கும்.) 'இந்தப் போனில் உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் நிறுத்துகிறோம்' என்று எழுதியிருந்தால் அப்பா அன்றைக்கே வேறு போன் கேட்டிருப்பார். மில்லில் காவல் தகடு இல்லாத மிஷினை ஓட்ட மறுத்த ஆள் அவர்.

ஐபோன்காரர்கள் ஒரு வாக்கியத்தைப் பார்த்திருப்பார்கள். இந்த ஆப்புக்கு ஐஓஎஸ்ஸின் இன்ன பதிப்பு வேண்டும், ஆனால் உங்களுக்குப் பொருந்துகிற கடைசிப் பதிப்பை இறக்கிக்கொள்ளலாம் என்று வரும். 2013-லிருந்தே இருக்கிறது. குறை ஆப்பின் தேவையாகச் சொல்லப்படுகிறது, பின்னாலேயே ஒரு வழியும் வருகிறது. அதே கம்பெனி 2017 டிசம்பரில் மாட்டிக்கொண்டதும் சொல்லாமல் விட்டதால்தான். டீக்கடையில் ரொம்ப நாளாக ஒரு கருத்து உண்டு: "அப்டேட் போடாதப்பா, புது மாடல் விக்கறதுக்காகப் பழச ஸ்லோ பண்றான்." என் மாதிரி இன்ஜினியர்கள் இதைக் கேட்டால் ஏளனமாகச் சிரிப்போம், நானும் சிரித்திருக்கிறேன். கடைசியில் பேட்டரி பழையதான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிளே ஒத்துக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கச் செய்தோம் என்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான காரணம். பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29-க்கு இறக்கினார்கள். 2020-ல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அது வேகத்தைக் குறைத்ததற்கு அல்ல, வாங்கியவர்களிடம் சொல்லாததற்கு. டீக்கடைக்காரரின் நோய்க்கணிப்பு கொஞ்சம் தப்பு, மூக்கு சரியாக வேலை செய்திருக்கிறது.

அந்த மூக்கை நாம் இன்னும் கொஞ்சம் நம்பலாம். பிக்சல் 7-க்கு மூன்று வருடம்தான் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகள் என்றார்கள். அதற்கு மேல் தருவது கஷ்டம், சிப் கம்பெனி ஒத்துழைக்க வேண்டும், இத்யாதி. அடுத்த வருடம், 2023 அக்டோபரில், பிக்சல் 8-க்கு ஏழு வருடம். 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு. கிரகங்கள் இவ்வளவு வேகமாக இடம் மாறி நான் பார்த்ததில்லை. சிப் கம்பெனி விஷயமும் அப்படித்தான். ஃபேர்ஃபோன் 2 என்று 2015 கடைசியில் வந்த ஒரு போன், நெதர்லாந்தின் சின்ன கம்பெனி செய்தது. அதன் சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு உதவி கிடையாது என்றாகிவிட்டது. அவர்கள் தாங்களே உட்கார்ந்து ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்தார்கள், 2023 மார்ச் வரை பாதுகாப்பு அப்டேட் கொடுத்தார்கள். சின்ன கம்பெனியால் ஏழு வருடம் முடிந்திருக்கிறது. 2025 ஜூனிலிருந்து ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது: ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் ஐந்து வருடத்துக்கு அப்டேட் தர வேண்டும்.

மறுவாரம் ஊருக்குப் போய் அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. எட்டாயிரம் ரூபாயில் எல்லாம் இணக்கமாகிவிட்டது. கடையிலிருந்து வரும்போது, "அந்தப் பழசுல என்னதான் கோளாறு?" என்று கேட்டார். கோளாறு இல்லைப்பா, அவங்க நிறுத்திட்டாங்க என்றேன். "அப்படிச் சொல்லித் தொலைய வேண்டியதுதான?" என்றார். பழையதை அலாரத்துக்கும் எஃப்எம்முக்கும் வைத்திருக்கிறார். கைக்குட்டை இப்போதும் அதற்குத்தான்.

எங்கள் ஆப்பின் எண் 26-க்கு ஏறிவிட்டது. நான் எதிர்க்கவில்லை, எதிர்த்திருந்தாலும் ஏறியிருக்கும். இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். பழைய பதிப்பை ஆறு மாதம் சர்வர் ஏற்றுக்கொள்ளட்டும், அந்தப் பயனர்களுக்குக் காட்டும் செய்தியை நான் எழுதுகிறேன் என்று. இரண்டுக்கும் சரி என்றார்கள். 'உங்கள் போனில் கோளாறு எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழே உள்ள போன்களில் எங்கள் ஆப்பை இன்ன தேதியோடு நிறுத்துகிறோம்' என்று எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து மேலேயிருந்து திருத்தி வந்தது. முதல் வாக்கியத்தைக் காணோம். 'நிறுத்துகிறோம்' என்பது 'நிறுத்தப்படுகிறது' என்று மாறியிருந்தது. தேதியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.